முகப்பில் இல்லாத பெயர்

நூல் ஒன்று கைக்கு வந்ததும் நாம் முதலில் நோக்குவது அதன் முகப்பை. அங்கே ஆசிரியர் பெயர் இருக்கும். பதிப்பகத்தார் பெயர் இருக்கும். ஓர் ஏடு புரட்டினால் அச்சகத்தின் பெயரும் விலையும் காணப்படும். ஆயின், அந்நூலை ஆசிரியருக்கு அடுத்தபடியாக, சில வேளைகளில் ஆசிரியரினும் கூர்ந்து, எழுத்தெண்ணிப் படித்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயரை நாம் தேடுவதும் இல்லை. தேடினாலும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மெய்ப்புத் திருத்துபவர் என்று நூல்வழக்கிலும், 'புரூப் ரீடர்' என்று அச்சகத்தார் பேச்சிலும் வழங்கப்பெறுபவர் அவர்.

இந்த மறைவு தொன்றுதொட்டு வந்ததன்று. 19-ஆம் நூற்றாண்டில் வெளிவந்த தமிழ் நூல்கள் பலவற்றின் முகப்பை நோக்கினால், இயற்றியவர் பெயரை அடுத்து, இன்ன ஊர் இன்ன வித்துவானால் 'பார்வையிடப்பட்டு' அல்லது 'பரிசோதிக்கப்பட்டு' அச்சிடப்பெற்றது என்னும் குறிப்பு இருக்கக் காணலாம். நூலைப் பிழையறப் பார்த்துக் கொடுத்தவருக்கு முகப்பிலேயே இடம் அளித்தனர் நம் முன்னோர். அப்பெயர் அங்கே எவ்வாறு ஏறியது, எவ்வாறு இறங்கியது, தமிழகத்தை விட்டுப் பெங்களூரில் வந்து வாழும் நமக்கு அதனால் நேரும் இழப்பு யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஏடும் கல்லும்

பிழை என்பது அச்சோடு பிறந்ததன்று. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதியோர், புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று அஞ்சி, மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடாமல் விட்டனர். எகர ஏகாரங்களுக்கும், ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு இல்லை. கால் என்னும் குறியும் ரகரமும் ஒரே வடிவில் இருந்தன. ஆதலின், ஏட்டில் கொம்பும் ககரமும் காலும் அடுத்தடுத்து நின்றால் அதனைக் 'கொ' என்றும், 'கோ' என்றும், 'கெர' என்றும், 'கேர' என்றும், 'கெர்' என்றும், 'கேர்' என்றும் படிக்கலாம். மூன்றே குறிகளுக்கு ஆறு வாசிப்புகள்! அவற்றுள் ஆசிரியர் கருதியது எது என்பதை, பொருளும் யாப்பும் அறிந்தவரே துணிய இயலும்.

ஓலை பழுதுறும்போது புதிய ஓலையில் படியெடுப்பர். ஒருவர் படிக்க மற்றொருவர் எழுதுவதும் உண்டு. படிப்பவர் நாப் பிறழ்ந்தால் ஒரு பிழை. எழுதுபவர் செவி தவறினால் மற்றொரு பிழை. ஓலையைச் செல் அரித்திருந்தால் வேறொரு பிழை. இவ்வாறு படிதோறும் பிழை பெருகும். ஆகவே, எழுதி முடித்ததை வேறொருவர் மூலத்தோடு ஒப்பு நோக்குதல் இன்றியமையாததாயிற்று. மெய்ப்புத் திருத்தும் பணியின் வித்து இங்கே இருக்கிறது.

கல்லில் வெட்டும் எழுத்திலோ பொறுப்பு இன்னும் மிகுதி. வெட்டியதை மீட்டும் ஒட்ட முடியாது. நம் பெங்களூரிலேயே, தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பெங்களூரில் பிறந்த பெஞ்சமின் லூயி ரைஸ் என்னும் ஆங்கிலேயர், பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905-ஆம் ஆண்டில் 'எபிகிராபியா கர்நாடிகா' வரிசையின் ஒன்பதாம் தொகுதியாக வெளியிட்டார். அதில் கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளும் இடம்பெற்றன. சிதைந்த கல்லிலுள்ள எழுத்தை இன்னதெனத் துணிந்து அச்சேற்றுவது, ஏட்டை ஒப்பு நோக்குவது போன்ற பணியே. இந்நகரின் மண்ணில் தமிழெழுத்தைப் பிழையறக் காக்கும் முயற்சி புதியதன்று என்பதற்கு அத்தொகுதி சான்று.

அச்சின் வருகை

தமிழ் எழுத்து அச்சேறிய நூல்களுள் தொன்மையான 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடப்பெற்றது. அது 16 பக்கங்கள் கொண்ட சிறு நூல். பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் அமைத்த அச்சகத்தில் விவிலியத்தின் புதிய ஏற்பாடு 1714, 1715-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. செர்மனியின் ஆலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவிற் பெரியனவாக இருந்தமையால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டனர்.

அச்சு வந்தபோது பிழையின் தன்மையே மாறிவிட்டது. ஏட்டில் நேர்ந்த பிழை அந்த ஓர் ஏட்டோடு நிற்கும். மற்றோர் ஏட்டைப் பார்த்து அதனைத் திருத்திக்கொள்ளலாம். அச்சில் நேர்ந்த பிழையோ, அச்சிட்ட படிகள் அனைத்திலும் ஒரே இடத்தில் ஒரே வடிவில் நிற்கும். எல்லாப் படிகளும் ஒரே பொய்யைச் சொல்லும்போது ஒப்பு நோக்குதற்கு வழி ஏது? ஆகவே, அச்சேறுமுன் பார்ப்பவர் கண்ணே கடைசிக் காவலாயிற்று.

இவ்வுண்மையை நம் புலவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். திருக்குறள் மூலம் முதன்முதலாக 1812-ஆம் ஆண்டில் சென்னையில் அச்சாயிற்று. அதனை அச்சிட்டவர் தஞ்சை மலையப்ப பிள்ளையின் மகனார் ஞானப்பிரகாசர். அப்பதிப்பிற்குத் திருநெல்வேலி அம்பலவாணக் கவிராயர் வரலாற்றுக் குறிப்பொன்று எழுதினார். ஏடுகளில் எழுதுவோரால் பிழை புகுதலையும், ஆதீனங்களிலும் புலவர்களிடத்தும் இருந்த நல்ல பாடங்களோடு ஒப்பிட்டுப் பிழை தீர்த்தமையையும் அக்குறிப்புக் கூறுகிறது. வள்ளுவர் வாக்கு அச்சேறிய முதல் நாளிலேயே அதனோடு பிழை திருத்தியோர் செய்தியும் சேர்ந்து அச்சேறியது. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் அல்சூர் ஏரியருகே திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையைக் கண்டு மகிழும் நாம், அவர் வாக்கைப் பிழையின்றி நம்மிடம் சேர்ப்பித்த அக்கைகளையும் எண்ணுதல் தகும்.

பார்வையிட்டோர்

1835-ஆம் ஆண்டில் மெட்காப் காலத்துச் சட்டத்தால் அச்சுத் தொழிலுக்கு இருந்த கட்டுப்பாடுகள் நீங்கின. இந்நாட்டவர் தாமே அச்சகம் நிறுவத் தொடங்கினர். புலவர்கள் பலர் பதிப்பாசிரியர்களாகவும் பார்வையிடுவோராகவும் ஆயினர். மழவை மகாலிங்கையர் 1847-ஆம் ஆண்டில் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு செய்த விவிலிய மொழிபெயர்ப்பின் தமிழ்நடையைச் சென்னையில் ஆராய்ந்து மதிப்பிட்டவரும் அவரே. ஒரு மொழிபெயர்ப்பின் தகுதியை, அதில் பங்கு கொள்ளாத மூன்றாமவரிடம் கொடுத்துத் தெரிந்துகொள்ளும் முறை அன்றே இருந்தமை கருதத்தக்கது.

ஆறுமுக நாவலர் 1849-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து அச்சுக்கருவி வாங்கிச் சென்று, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவினார். 'நாவலர் பதிப்பு' என்றாலே பிழையற்ற பதிப்பு என்னும் பெயர் தமிழுலகில் நிலைத்தது. சொற்களைப் பிரித்துக் காட்டியும், நிறுத்தக்குறிகளை இட்டும், பொருள் மயங்காமல் படிப்பதற்கு அவர் வழிசெய்தார். அவர் 'பரிசோதித்து' வெளியிட்ட நூல் என்பது வாங்குவோர்க்கு ஓர் உறுதிமொழியாக இருந்தது.

அக்காலத்து நூல்களின் இறுதியில் 'பிழை – திருத்தம்' என்று இரு பத்திகளாக அமைந்த பட்டியல் ஒன்று இருக்கும். இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன பிழை, இன்ன திருத்தம் எனக் காட்டும் அப்பட்டியலைக் கண்டு நகைப்போர் உளர். நாம் அதனை நேர்மையின் அடையாளமாகவே கருதுகின்றோம். பிழை நேர்ந்தது என்று படிப்பவரிடம் சொல்லி, அவர் கையாலேயே திருத்திக்கொள்ளச் செய்த அப்பண்பு இன்று அருகிவிட்டது.

சிந்தாமணி அச்சேறிய வரலாறு

டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1880-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டு, அவர் தூண்டுதலால் சீவக சிந்தாமணி ஆராய்ச்சியில் இறங்கினார்கள். அந்நூல் அச்சாகி வெளிவந்தது 1887-ஆம் ஆண்டில். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் ஏடு தேடியதும், ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டதும், சமணப் பெரியோரிடம் ஐயம் தெளிந்ததும் பலரும் அறிந்தன. அச்சுத்தாள்களோடு அவர்கள் பட்ட பாட்டைப் பலர் அறியார்.

ஐயரவர்கள் அப்போது கும்பகோணம் கல்லூரி ஆசிரியர். அச்சு நடந்ததோ சென்னையில். விடுமுறைகளில் சென்னைக்கு வந்து அச்சு வேலையைக் கவனித்தார்கள். ஊர் திரும்பிய காலத்திலும் வேலை நிற்கலாகாது. அந்நிலையில் அச்சுத்தாள்களைப் பார்த்துத் திருத்துவதில் துணை நின்றவர்களுள் சோடசாவதானம் சுப்பராய செட்டியார் ஒருவர். ஐயரவர்களின் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் தமிழ் கற்ற பெரும்புலவர் அவர். பதினாறு அவதானம் செய்ய வல்ல புலவர் ஒருவர், தம்மினும் இளையவர் ஒருவருடைய பதிப்பின் அச்சுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு கொம்பும் காலும் பார்த்தார் என்றால், அப்பணியை அவர்கள் தாழ்வாகக் கருதவில்லை என்பது விளங்கும்.

அத்தோடும் ஐயரவர்கள் அமையவில்லை. 1907-ஆம் ஆண்டில் வந்த சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பில், மேலும் கிடைத்த ஏடுகளைக்கொண்டு திருத்தங்கள் செய்தார்கள். தம் நூன்முகங்களில் ஏடு தந்தோர், உடனிருந்து ஒப்பு நோக்கியோர் ஆகியோரின் பெயர்களை நன்றியோடு குறிக்கும் வழக்கத்தையும் கைவிடவில்லை. திருத்தம் முடிவற்றது என்பதும், அது பலர் கூடிச் செய்யும் பணி என்பதும் அவர்கள் வாழ்வு நமக்குக் காட்டும் இரு பாடங்கள்.

பிறநாட்டு வழக்கம்

இப்பணியை மேனாட்டினர் எவ்வாறு போற்றினர் என்பதையும் நோக்குவோம். 16-ஆம் நூற்றாண்டில் ஆண்ட்வெர்ப் நகரில் கிறிஸ்டோபர் பிளாந்தன் என்பவர் நடத்திய அச்சகம் ஐரோப்பாவிலேயே பெரிய அச்சகங்களுள் ஒன்று. அங்கே பல்லாண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர் கொர்னேலிசு கிலியான். அச்சுத்தாள்களிடையே வாழ்ந்த அவரே டச்சு மொழிக்குப் பெயர்பெற்ற அகராதி ஒன்றை இயற்றினார். 1599-ஆம் ஆண்டில் அது விரிவான பதிப்பாக வெளிவந்தது. மெய்ப்புத் திருத்துவோர் அமர்ந்திருந்த அறை, அவ்வச்சகம் அருங்காட்சியகமாக மாறிய பின்னும் இன்றளவும் பேணப்பட்டு வருகிறது. பிளாந்தன் தம் பெண்மக்களைச் சிறு வயதிலேயே மெய்ப்புப் படிக்கப் பழக்கினார் என்பதும் அறியத்தக்க செய்தி.

கவனம் தவறினால் நேர்வதற்கும் சான்று உண்டு. 1631-ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சான விவிலியம் ஒன்றில், பத்துக் கட்டளைகளுள் பிறன்மனை நயத்தலை விலக்கும் கட்டளையில் எதிர்மறைச் சொல் விடுபட்டுப் போயிற்று. விலக்கு ஏவலாகிவிட்டது! அச்சிட்டோர்க்கு 300 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. அவ்விவிலியத்திற்குத் 'தீய விவிலியம்' என்னும் பெயரே நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்கு ஒரு முழுச்சொல்லும் விடுபட வேண்டியதில்லை. ஓர் ஒற்று விடுபட்டாலே போதும். 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தாலான பலகை. ஒற்றை நீக்கித் 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை. 'கீரைக்கடை' என்பது கீரை விற்கும் இடம். 'கீரை கடை' என்றால் சமையலறையில் இடும் ஏவல்.

அச்சகத்தின் உள்ளே

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் மெய்ப்புத் திருத்துவோர் பணி எத்தகையது என்பதை இளைய தலைமுறையினர் அறிதல் வேண்டும். அச்சுக்கோப்பவர் முன்னே அறை அறையாகத் தடுத்த எழுத்துப்பெட்டி சாய்ந்திருக்கும். கைப்பிரதியை ஒரு கண்ணால் பார்த்து, வேண்டிய எழுத்தைக் கை தேடி எடுக்கும். எழுத்துகளோ இடவல மாற்றமாக, கண்ணாடியிற் காண்பதுபோல் இருக்கும். அச்சிட்டு முடித்த எழுத்துகளைப் பிரித்து மீண்டும் பெட்டியில் இடும்போது, நகரம் தகரத்தின் அறையில் விழுந்தால், அடுத்த நூலில் 'தலம்' 'நலம்' ஆகிவிடும். தேய்ந்த புள்ளியும் ஒடிந்த கொம்பும் தனிக்கதை.

கோத்த எழுத்தை நீண்ட தாளில் எடுத்த முதல் மெய்ப்பு, பக்கமாகக் கட்டிய பின் எடுத்த இரண்டாம் மெய்ப்பு, பொறியில் ஏற்றிய பின் எடுத்த இறுதி மெய்ப்பு என மும்முறை பார்ப்பது நல்ல அச்சகங்களின் நெறி. சிறிய அச்சகங்களில் எழுத்து இருப்புக் குறைவு. ஒரு பாரத்தை அச்சிட்டு எழுத்தைப் பிரித்தால்தான் அடுத்த பாரத்தைக் கோக்க முடியும். ஆதலின், மெய்ப்பு வந்த அன்றே திரும்ப வேண்டும் என்னும் நெருக்கடி எப்போதும் இருந்தது. அந்நெருக்கடியிலும் பொறுமை இழவாதவரே நல்ல திருத்துநர் எனப் பெயரெடுத்தார்.

20-ஆம் நூற்றாண்டில் இதழ்கள் பெருகின, பாடநூல்கள் பெருகின. புலவர்கள் விரும்பி ஏற்ற பணி, மாதச் சம்பளத்திற்குச் செய்யும் வேலையாயிற்று. முகப்பிலிருந்து பெயர் இறங்கியது இக்காலத்தில்தான். எனினும் தரம் எங்கும் வீழ்ந்துவிடவில்லை. 1920-ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் தோன்றிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் பிழையற்ற அச்சுக்குப் பெயர்பெற்றது. மர்ரே எஸ். ராஜம் அவர்கள் 1950-களில் அறிஞர் குழு ஒன்றின் துணையோடு, பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார்கள். மெய்ப்பு மேசை எழுத்தாளர்களையும் வளர்த்தது. ஜெயகாந்தன் இளமையில் செய்த தொழில்களுள் அச்சுக்கோத்தலும் மெய்ப்புப் பார்த்தலும் அடங்கும்.

1978-ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய எழுத்துகளின் வடிவம் மாறியது. பழைய வடிவில் எழுதிவந்த கைப்பிரதியைப் புதிய வடிவில் ஒரு சீராகக் கொணரும் சுமையும் மெய்ப்புத் திருத்துவோர் தோளிலேயே விழுந்தது.

கன்னட நாட்டில் தமிழச்சு

1809-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆங்கிலேயர் படைப்பாளையம் அமைத்தனர். அதனைச் சார்ந்து தமிழ்க் குடும்பங்கள் பல அல்சூர், சிவாஜிநகர் முதலிய பகுதிகளில் குடியேறின. படையில் பணியாற்றியோர், கட்டட வேலை செய்தோர், வணிகர், பிற்காலத்தில் ஆலைத் தொழிலாளர் என அவர்கள் பலதிறத்தினர். கோலார் தங்கவயலுக்கும் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சென்றனர்.

உழைக்கச் சென்ற இடத்திலும் அவர்கள் அச்சை மறக்கவில்லை. அயோத்திதாச பண்டிதர் 1907-ஆம் ஆண்டு முதல் சென்னையிலிருந்து நடத்திய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலிலும் பெங்களூரிலும் உறுதியான வாசகர் கூட்டம் இருந்தது. அவர் 1914-ஆம் ஆண்டில் மறைந்த பின், அவ்விதழ் அப்பாதுரையார் ஆசிரியத்தில் 1926-ஆம் ஆண்டில் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவரலாயிற்று. பண்டிதரின் எழுத்துகள் அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலையின் வாயிலாக நூல்வடிவம் பெற்றன. பூமிக்கடியில் பொன் தோண்டியோர், பூமியின்மேல் தமிழ் அச்சைப் பேணினர் என்பது நமக்குப் பெருமை தரும் வரலாறு.

நமக்கு இடமளித்த கன்னட நாடும் இத்துறையில் முன்மாதிரியே. வில்லியம் ரீவ் 1832-ஆம் ஆண்டில் வெளியிட்ட கன்னட – ஆங்கில அகராதியை, டேனியல் சாண்டர்சன் திருத்தி விரித்து 1858-ஆம் ஆண்டில் பெங்களூர் வெசுலியன் மிசன் அச்சகத்தில் பதிப்பித்தார். ஒருவர் செய்ததை மற்றொருவர் 26 ஆண்டுகளுக்குப்பின் திருத்தி நிறைவு செய்தமை, ஒரு நூல் எத்தனை கண்களைக் கடந்து செம்மையுறுகிறது என்பதைக் காட்டும்.

1950-ஆம் ஆண்டில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தோன்றியது. சங்க மலர்களும், பொங்கல் மலர்களும், திருமண அழைப்புகளும், கோயில் விழா அறிக்கைகளும் இந்நகரில் தமிழில் அச்சாகி வந்துள்ளன. எண்ணிப் பார்த்தால், புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் வீட்டிற்குள் எளிதில் வந்து சேரும் தமிழச்சு இவையே.

நம் பிள்ளைகளின் தமிழ்

இங்கேதான் மெய்ப்புத் திருத்தம் நமக்கு உயிர்ப்பொருள் ஆகிறது. தமிழகத்துச் சிறுவன் ஒரு மலரில் பிழையான சொல்லைக் கண்டால், மறுநாள் பாடநூலில் சரியான வடிவத்தைக் காண்பான், கடைப்பலகையில் காண்பான், நாளிதழில் காண்பான். பிழை தானே திருந்திவிடும். பெங்களூரில் கன்னடமோ ஆங்கிலமோ கற்கும் நம் வீட்டுச் சிறுமிக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை கைக்கு வரும் மலரில் 'வாள்க தமிழ்' என்று இருந்தால், அவளுக்கு அதுவே தமிழ்.

கன்னடம் தமிழுக்கு நெருங்கிய உறவுமொழி. அந்நெருக்கமே மயக்கத்திற்கும் காரணம். பழங்கன்னடத்தில் ழகரமும் றகரமும் இருந்தன; பின்னர் அவை வழக்கொழிந்தன. நம் மழை அங்கே 'மளெ', கோழி 'கோளி', ஏழு 'ஏளு', நூறு 'நூரு'. நகரத்திற்கும் னகரத்திற்கும் அங்கே ஒரே எழுத்து. சொற்கள் சேரும்போது நாம் வல்லெழுத்தை மிகுவித்து 'மழைக்காலம்' என்போம். கன்னடர் அதனை மெலித்து 'மளெகால' என்பர். அங்குள்ள ககரம், நம் 'தங்கம்' என்னும் சொல்லின் ககரம்போல ஒலிக்கும். கன்னடத்தில் அதுவே இலக்கணம். கன்னடம் கற்ற பிள்ளை தமிழில் 'மளைகாலம்' என்று எழுதினால், அது அறியாமையன்று. ஒரு மொழியின் நெறியை மற்றொரு மொழிக்கு ஏற்றிய அறிவு. அதனை இகழாமல், வேறுபாட்டை எடுத்துக்காட்டித் திருத்துபவரே நமக்கு வேண்டும்.

பொருள் பெரிதும் மாறும் இடங்களும் உண்டு. கூறை என்பது மணமகள் உடுத்தும் புடவை; கூரை என்பது வீட்டின் மேல்வேய்வு. பறவை வானில் பறப்பது. பரவை என்பது கடல். மணம் வேறு, மனம் வேறு. 'திருமண அழைப்பு' என்பது 'திருமன அழைப்பு' என அச்சாகிவிட்டால், அழைக்கப்பெற்றோர் நகைப்பது ஒரு நாள். அவ்வழைப்பைப் பெட்டியில் வைத்துப் பேணும் குடும்பத்தார் வருந்துவதோ பல ஆண்டு.

எழுதுவோரும் திருத்துவோரும்

மெய்ப்புத் திருத்துபவரோடு இணைந்து பணியாற்றுவதும் ஒரு கலையே. எழுதியவர்க்குத் தம் பிழை தெரியாது. கண் தாளைப் பார்க்கையில், மனம் தான் முன்பே அறிந்ததைப் படித்துச் செல்லும். அடுத்தவர் கண் வேண்டுவது அதனால்தான். அவர் சிவப்பு மையால் இட்ட குறியை அவமதிப்பாகக் கொள்ளுதல் தவறு. அக்குறி, நம் எழுத்தை ஒருவர் முழுமையாகப் படித்தார் என்பதற்கு அடையாளம்.

எழுதுவோர் செய்யத்தக்கன சில உள. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், ஓரத்தில் இடம் விட்டு, தெளிவாக எழுதித் தருதல் வேண்டும். ஊர்ப்பெயர், ஆட்பெயர், ஆண்டு ஆகியவற்றை முன்பே சரிபார்த்துக் கொடுத்தல் வேண்டும்; அவற்றைத் திருத்துபவர் ஊகித்து அறிய இயலாது. கருத்தை மாற்றுவதும் புதிய பத்தி சேர்ப்பதும் கைப்பிரதியிலேயே முடிந்துவிட வேண்டும். பக்கம் கட்டிய பின் ஒரு வரி கூட்டினால், அடுத்தடுத்த பக்கங்கள் எல்லாம் நகரும். புதிய பிழைகள் புகும். திருத்துபவர் கேட்கும் ஐயங்களுக்குக் காலந்தாழ்த்தாமல் விடை தருதலும் கடமை.

திருத்துவோர்க்கும் ஓர் எல்லை உண்டு. எழுத்துப்பிழையைத் திருத்துவது அவர் உரிமை. ஆசிரியரின் நடையை மாற்றுவது அவர் உரிமையன்று. ஐயம் தோன்றினால் ஓரத்தில் வினாக்குறி இட்டுக் கேட்பதே முறை. தங்கவயல் முதியவர் ஒருவர் தம் ஊர்ப்பேச்சை எழுதியிருப்பின், அதனைச் செந்தமிழாக்கிவிட்டால் அவர் குரலே மறைந்துபோகும். எதனைத் தொடாமல் விட வேண்டும் என்று அறிவதும் திருத்தும் அறிவின் ஒரு பகுதியே.

கணினிக் காலம்

ஈய எழுத்துகள் மறைந்தன; கணினி வந்தது. அச்சுக்கோப்பவர் என்னும் தனித்தொழில் ஏறத்தாழ இல்லாதொழிந்தது. எழுதுபவரே தட்டச்சு செய்து, அவரே பக்கம் அமைத்து, அவரே அச்சுக்கு அனுப்புகிறார். முன்பு மூன்று பேர் கண்ட தாளை இன்று ஒருவரே காண்கிறார். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் பெறும் முறையில் ணகர னகரங்களும், லகர ளகர ழகரங்களும் எளிதில் இடம் மாறுகின்றன.

'வாணி', 'நாவி' போன்ற கணினிப் பிழைதிருத்திகள் தமிழுக்கு வந்துள்ளன. அவற்றை நாம் வரவேற்கிறோம், பயன்படுத்தவும் வேண்டும். ஆயினும் கூறையும் கூரையும் அகராதியில் உள்ள சொற்களே. மணப்பெண்ணுக்கு வேண்டியது எது, மழைக்கு வேண்டியது எது என்பதைச் சூழல் நோக்கித் தெளிந்து, ஐயமற முடிவு சொல்லும் பொறுப்பு மனிதர் கையிலேயே இருக்கிறது.

ஆகவே நாம் இரண்டு முன்மொழிவுகளை வைக்கின்றோம். முதலாவது, சங்க மலர்களும் விழா மலர்களும் வெளிவரும்போது, மெய்ப்புத் திருத்தியவர் பெயரையும் முகப்பின் பின்பக்கத்தில் அச்சிடுதல் வேண்டும். முன்னோர் அளித்த இடத்தை மீட்டுத் தருவதில் செலவு ஏதும் இல்லை. பெயர் அச்சேறும் என்றால் பொறுப்பும் கூடும். இரண்டாவது, மெய்ப்புப் பார்க்கும் பணியை நம் இல்லங்களுக்குக் கொணர்தல் வேண்டும். பிளாந்தன் தம் பெண்மக்களைப் பழக்கியதுபோல், நாமும் பழக்கலாம். கைப்பிரதியைப் பேத்தி உரக்கப் படிக்கட்டும். அச்சுத்தாளைப் பாட்டனார் பார்த்து வரட்டும். 'இங்கே ழகரமா, ளகரமா?' என்று அவள் ஒருமுறை நிறுத்திக் கேட்டால், அந்த ஒரு வினாவில் ஒரு வகுப்பறையே அடங்கியிருக்கிறது. ஒரு மலருக்கு நான்கு குடும்பங்கள் இவ்வாறு அமர்ந்தால், மலரும் பிழை நீங்கும். மொழியும் அடுத்த தலைமுறையின் நாவில் ஏறும்.

பனையோலையில் புள்ளியில்லாமல் வந்த தமிழைப் புள்ளியிட்டு, பிரித்து, ஒப்பு நோக்கி நம் கையில் கொடுத்துச் சென்றோர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. நம் பங்கிற்கு நம் பிள்ளைகளின் கையில் நாம் கொடுக்கும் தமிழ், பார்வையிடப்பட்ட தமிழாக இருத்தல் வேண்டும். அதனைப் பார்வையிட்டோர் பட்டியலில் அப்பிள்ளைகளின் பெயரும் இடம்பெறுமாயின், அதனினும் சிறந்த சிறப்பு ஒரு மலருக்கு வேறு இல்லை.